குடியை விட்ட குடும்பத்துக்கு ஓர் இடைவீடு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே, இளைஞர் அரங்கில் நிகழ்த்திய பேச்சு)



இந்த மேடையிலே பேசும்படி காரியதரிசி அண்ணன் என்னைக் கேட்டபோது, "இளைஞரும் எதிர்காலமும்" என்று ஒரு தலைப்பையும் கையோடு தந்தார். சென்ற ஆண்டு மலரைப் புரட்டிப் பார்த்தேன். அதிலும் அதே தலைப்பு இருந்தது. அதற்கு முந்திய ஆண்டு மலரிலும் இருந்தது. ஆகவே அண்ணன் என்னை மன்னிக்க வேண்டும். எதிர்காலத்தைப் பற்றி அதை அறிந்தவர்கள் பேசட்டும். சென்ற வைகாசி மாதத்திலே எங்கள் லயத்தில் நடந்த ஒன்றைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

என் சித்தப்பா ஒரு குடிகாரர். இங்கே பலருக்கு அவரைத் தெரியும், மறைப்பதில் பயனில்லை. மேடையிலே சொல்லட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "சொல்லடா, நான் குடித்தபோது யாரிடமாவது மறைத்தேனா?" என்றார். அவர் கவ்வாத்து வெட்டுவதிலே கெட்டிக்காரர். அவர் வெட்டிய மலையைப் பார்த்தால் மேசையைப் போல் மட்டமாக இருக்கும் என்று பழைய கணக்கப்பிள்ளை ஒருவர் சொல்வார். அந்தக் கை நடுங்கத் தொடங்கிப் பல வருடம் ஆகிவிட்டது. பேர் வெட்டுப்பட்டது. சின்னம்மா ஒருத்தியின் கைக்காசிலே வீடு நடந்தது. கடைசியிலே உறவினர் எல்லோரும் சேர்ந்து, அவரை ஒரு சிகிச்சை நிலையத்திலே சேர்த்தோம். மூன்று மாதம் இருந்தார். வைகாசியிலே திரும்பி வந்தார். முகத்திலே சதை பிடித்திருந்தது. சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, மகளுக்கு ஒரு பென்சில் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். மாரியம்மன் கோயிலிலே சின்னம்மா தேங்காய் உடைத்தாள்.

பதினொரு நாள் தாங்கினார். பன்னிரண்டாம் நாள் இரவு குடித்துவிட்டு வந்தார்.

உடனே லயத்திலே எழுந்த பேச்சை உங்களாலே ஊகிக்க முடியும். "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் இரண்டு வாரம் நடந்தேன். பிறகு ஒருநாள் மாலை, அவருடைய காம்பராவிலே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு வாசனை வந்தது. கசிப்பு வாசனை. அவர் அன்று குடிக்கவில்லை. வாசனை அடுத்த காம்பராவிலிருந்து வந்தது. நம்முடைய லயங்களின் அமைப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. கூரை எல்லோருக்கும் ஒன்று. நடுச்சுவர் பல இடங்களிலே கூரையைத் தொடுவதில்லை. அந்த இடைவெளி வழியாக அடுத்த வீட்டுக் குழம்பு வாசனை வரும், இருமல் வரும், சண்டை வரும், கசிப்பும் வரும். அடுத்த காம்பராவிலே அதை விற்கிறார்கள். மூன்று மாதம் மருத்துவரும் ஆலோசகரும் பாடுபட்டுத் தேற்றிய ஒரு மனிதனை, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிலே, கசிப்புக் கடைக்கும் அவனுக்கும் நடுவே கூரை தொடாத ஒரு சுவரை மட்டும் வைத்து, நாம் திரும்பக் கொண்டுவந்து விட்டோம். விட்டுவிட்டு, அவன் தவறினான் என்றோம்.

நான் மிஷன் பாடசாலையிலே படித்தவன் என்பதை இங்கே சிலர் அவ்வப்போது நினைவூட்டுவதுண்டு. அந்தப் பாடசாலையிலே கேட்ட ஒரு கதை அன்று எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு மனிதனை விட்டு ஓடிய கெட்ட ஆவி, அலைந்து திரிந்து இடம் கிடைக்காமல் பழைய வீட்டுக்கே திரும்பி வருகிறது. வீடு பெருக்கி, அலங்கரித்து, வெறுமையாக இருக்கிறது. அது போய்த் தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளை அழைத்துவந்து குடியேறிக்கொள்கிறது. அப்போது அது எனக்குப் பரீட்சைக்கு எழுதும் கதை. சித்தப்பாவின் காம்பராவிலே உட்கார்ந்திருந்தபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று. துப்புரவாக்குவது மட்டும் போதாது. அந்த வீட்டிலே வேறு யாராவது குடியிருக்க வேண்டும்.

நம்முடைய பழக்கத்திலிருந்தே இதற்கு ஓர் அத்தாட்சி காட்டலாம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் தோட்டத்திலே எத்தனை பேர் குடியை நிறுத்துகிறார்கள், பார்த்திருக்கிறீர்களா? வருடம் முழுவதும் தள்ளாடுகிறவர்கூட அந்த நாட்களிலே நெற்றி நிறைய விபூதியோடு கோயில் வேலை செய்வார். மஞ்சள் நீராட்டு முடிந்த அன்றே பழையபடி தொடங்குவார். இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். இதிலே சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? சுற்றியிருக்கிறவர்கள் எல்லோரும் அவனோடு சேர்ந்து நிறுத்துகிறவரைக்கும் அவனாலும் நிறுத்த முடிகிறது. காப்பை அவிழ்த்ததும் அவனைத் தனியே விட்டுவிடுகிறோம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பெரியவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். நெடுங்காலம், நாள்தோறும், காலையிலேயே குடிக்கத் தொடங்கிவிட்ட ஒருவரைக் கோயில் வாசலிலே நிறுத்தி, கற்பூரம் அணைக்கச் சொல்லி, ஒரே நாளில் குடியை நிறுத்த வைப்பது ஆபத்தான காரியம். குடியை நிறுத்திய சில மணி நேரத்திலே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தப்பிரமை உண்டாகி, இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணுக்குத் தெரியும்; கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. "சாமி பிடித்துவிட்டது, சத்தியத்தை மீறினான்" என்று நாம் சொல்வது பல சமயம் இந்த நோய்தான். அப்படிப்பட்டவரை முதலிலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சத்தியம் பிறகு செய்யலாம்.

குடி நம் மக்களிடையே எப்படி வந்தது என்று நான் நீளமாகச் சொல்லப்போவதில்லை. கோப்பிக் காலத்திலிருந்து தேயிலைக் காலம் வரை, கடன் துண்டோடு கட்டுண்டு வந்த மக்கள் அவர்கள். 1921ஆம் ஆண்டிலேதான் துண்டு முறை ஒழிந்தது. குளிரும், அட்டையும், உடல்வலியும், கொடுத்துத் தீராத கடனும் இருந்த இடத்திலே, சம்பள நாளன்று தவறணை திறந்திருந்தது. சாராயத்தினால் அரசாங்கத்துக்கு வருமானம் இருந்தது. யார் யாரைக் கெடுத்தார்கள் என்பதை ஆராய்ச்சிக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்.

அதை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் இளைஞர் பலர். 1924ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தில் ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் தொடங்கிய மாணவர் காங்கிரஸ்தான், 1927ஆம் ஆண்டு நவம்பரிலே மகாத்மா காந்தியை இலங்கைக்கு வரவழைத்தது; அதுவே பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர்பெற்றது. காந்தியடிகள் மலைநாட்டுக்கும் வந்து, தோட்டத் தொழிலாளரிடம் குடியை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் காலத்திலே யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே மக்களே வாக்களித்துத் தவறணைகளை மூடினார்கள். மேடையிலே நாம் அதைப் பெருமையாகச் சொல்கிறோம். நானும் சொல்கிறேன். ஆனால் தவறணையை மூடுவது ஒரு வேலை, குடித்தவனைத் தேற்றுவது வேறொரு வேலை. முதலாவதற்கு ஊர்வலம் போதும். இரண்டாவதற்கு ஊர்வலத்திலே இடமில்லை. கள்ளுண்ணாமை அதிகாரத்தை மனப்பாடமாகச் சொல்லும் பேச்சுப் போட்டி நம் சங்கத்திலே வருடந்தோறும் நடக்கிறது. சென்ற ஆண்டு முதற் பரிசு பெற்றவள் என் சித்தப்பா மகள். பரிசை வாங்கிக்கொண்டு அவள் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போனாள் என்று நாம் ஒருவரும் கேட்கவில்லை.

இன்றைக்குக் கேட்கிறேன். அவளுக்கு வீடு இல்லை.

எப்படி இல்லாமற் போனது? நம் லயக் காம்பரா நமக்குச் சொந்தமல்ல. வேலையோடு ஒட்டிய காம்பரா. ஒரு குடும்பத்திலே ஒருவராவது தோட்டத்திலே பேர் பதிந்திருக்கும் மட்டும் அது இருக்கும். 1972ஆம் ஆண்டும் 1975ஆம் ஆண்டும் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. துரைமார் மாறினார்கள், காம்பராவின் சட்டம் மாறவில்லை. சித்தப்பாவின் பேர் முன்பே வெட்டுப்பட்டது. ஆனியிலே சின்னம்மா கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்து, முதுகு அடிபட்டு, வேலைக்குப் போக முடியாமல் ஆனாள். ஆவணியிலே காம்பராவைக் கேட்டார்கள். எந்தத் தோட்டம், யார் கேட்டார் என்பதை நான் இங்கே சொல்லவில்லை. கேட்டவரும் தமக்கு மேலே இருப்பவருடைய கடிதத்தைத்தான் காட்டினார். சின்னம்மாவும் இரண்டு பிள்ளைகளும் அவளுடைய அக்காள் காம்பராவிலே இருக்கிறார்கள். அங்கே மொத்தம் ஒன்பது பேர். சித்தப்பா றக்வானை பஸ்தரிப்பிடத்துக்கு அருகே ஒரு கடை விறாந்தையிலே படுத்தார். வீடற்றவர் என்றால் கொழும்பு நடைபாதையிலே படுக்கிறவர் என்றுதான் நாம் நினைக்கிறோம். நம்மிடையே வீடற்றவர் இப்படித்தான் இருப்பார்கள்; மனைவி ஓர் உறவினர் வீட்டு மூலையிலே, கணவன் ஒரு கடை வாசலிலே, பிள்ளை புத்தகப் பையோடு இரண்டுக்கும் நடுவே.

சிகிச்சைக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. 1984ஆம் ஆண்டிலே ஏற்பட்ட தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலி ஆகிய இடங்களிலே நிலையங்கள் நடத்திவந்திருக்கிறது. கொழும்பிலே சுமித்ராயோ இயக்கத்தாரின் மெல் மெதுர இருக்கிறது. நமக்குப் பக்கத்திலே, பெல்மதுளையில், குப்பியாவத்தை போதானந்த தேரர் தொடங்கிய 'மித்துரு மித்துரோ' இருக்கிறது. போதையிலிருந்து மீண்டவர்களே புதிதாக வருகிறவர்களைத் தேற்றிக்கொண்டு, ஒரே குடும்பம்போல் வாழ்வது அங்கே முறை. பஸ்ஸிலே அந்த ஊரைக் கடந்துதானே நாம் இரத்தினபுரிக்குப் போகிறோம்? ஒரு பௌத்த துறவி நம் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் செய்கிற வேலையை நம்மிலே எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்? இப்போது ஐஸ் என்றும் ஹெரோயின் என்றும் வருகிற நஞ்சுகளும் தோட்டத்துக் கதவைத் தட்டுகின்றன. 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் போத்தல் சாராயத்தின் விலை ஏற, கசிப்பின் வியாபாரமும் ஏறிவிட்டது. ஆகவே சிகிச்சை நிலையங்கள் இன்னும் வேண்டும். ஆயினும் என் பேச்சு நிலையத்தைப் பற்றியதல்ல. நிலையத்தின் வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் இடையிலே இருக்கிற தூரத்தைப் பற்றியது.

அந்தத் தூரத்துக்கு ஒரு தங்குமிடம் வேண்டும் என்று நினைத்தவர்கள் உலகத்திலே பலர். இரட்சணிய சேனையைத் தொடங்கிய வில்லியம் பூத் 1890ஆம் ஆண்டிலேயே ஒரு புத்தகத்தில், நகரத்திலே ஒரு குடியிருப்பு, பிறகு பண்ணையிலே ஒரு குடியிருப்பு என்று படிப்படியாகக் கரையேற்றும் திட்டம் ஒன்றை எழுதினார். சென்னையிலே சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார், குடியினால் கணவரை இழந்தபின், 1980ஆம் ஆண்டிலே டி.டி. ரங்கநாதன் பெயரால் ஒரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். அங்கே நோயாளிக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் குடும்பத்தாருக்கும் தனியே சிகிச்சை உண்டு. குடும்பம் முழுவதும் நோயாளிதான் என்பது அவர் கொள்கை. 1992இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

எனக்கு எல்லாவற்றிலும் மேலாகப் பிடித்தது வேறொன்று. அமெரிக்காவிலே, மேரிலண்ட் மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில், குடியிலிருந்து மீண்டவர்கள் தங்கும் வீடு ஒன்றை உள்ளூராட்சி நடத்திவந்தது. 1975ஆம் ஆண்டிலே பணமில்லையென்று அதை மூடப்போனார்கள். அங்கே இருந்தவர்கள் தெருவுக்குப் போக மறுத்தார்கள். தாங்களே அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். மேற்பார்வைக்கு உத்தியோகத்தர் இல்லை, சமையற்காரர் இல்லை. தலைவரையும் பொருளாளரையும் தங்களுக்குள்ளே வாக்கெடுத்துத் தெரிந்துகொண்டார்கள். வைத்த சட்டம் மூன்றே மூன்று: வீட்டை வாக்கெடுத்து நடத்த வேண்டும், அவரவர் பங்குச் செலவை அவரவர் கொடுக்க வேண்டும், குடித்தவர் உடனே வெளியேற வேண்டும். எத்தனை மாதம் தங்கலாம் என்று எல்லை வைக்கவில்லை. அதற்கு ஒக்ஸ்போட் ஹவுஸ் என்று பெயரிட்டார்கள். இன்று அத்தகைய வீடுகள் ஆயிரக்கணக்கிலே இருக்கின்றன. தாய்மாரைப் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்கிற வீடுகளும் அவற்றிலே உண்டு.

இது பலன் தருகிறதா என்று சிக்காகோவின் டிபோல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லெனார்ட் ஜேசன் ஆராய்ந்தார். சிகிச்சை முடிந்து வெளியே வந்த 150 பேரைத் திருவுளச்சீட்டுப் போடுவதுபோலப் பிரித்து, ஒரு பாதியை இந்த வீடுகளுக்கும், மற்றப் பாதியை வழக்கமான ஏற்பாட்டுக்கும் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கமான ஏற்பாட்டிலே இருந்தவர்களில் நூற்றுக்கு 65 பேர்வரை போதைக்குத் திரும்பியிருந்தார்கள். வீடுகளிலே இருந்தவர்களில் நூற்றுக்கு 31 பேர். 2006ஆம் ஆண்டிலே இது வெளிவந்தது. நூற்றுக்கு 31 பேர் தவறினார்கள் என்பதையும் நான் ஒளிக்கவில்லை. மற்றவர்களை எண்ணிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அமெரிக்கா தூரம், அங்கே டொலர் இருக்கிறது என்று ஒருவர் பின்வரிசையிலே சொல்வது கேட்கிறது. சரி, சிங்கப்பூருக்கு வாருங்கள். அங்கே மாரியம்மன் கோயில் உட்பட நான்கு கோயில்களை நிர்வகிப்பது இந்து அறக்கட்டளை வாரியம். அந்த வாரியம் 1999ஆம் ஆண்டு முதல் 'ஆஷ்ரம்' என்ற பெயரில் ஓர் இடைத்தங்கல் இல்லத்தை நடத்துகிறது. போதைக் குற்றத்துக்காகச் சிறை சென்றவர்கள், தண்டனையின் கடைசிப் பகுதியை அங்கே கழிக்கிறார்கள். பகலிலே வேலைக்குப் போய், மாலையிலே திரும்பி வருகிறார்கள். ஆலோசனை உண்டு, வழிபாடு உண்டு. தேர் இழுக்கிற அதே நிர்வாகம், திருவிழாக் கணக்கு எழுதுகிற அதே நிர்வாகம், இதையும் செய்கிறது. "இதெல்லாம் மிஷன்காரர் வேலை தம்பி, நம் சமயத்திலே இப்படி இல்லை" என்று சென்ற மாதம் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனாலேதான் பதிலை இங்கே சொல்கிறேன். நம் சமயத்திலே இது இல்லையா, ஐயா? பாதயாத்திரை போகிறவனுக்கு மடம் கட்டியது யார்? தலையிலே பாரத்தோடு வருகிறவன் இறக்கி வைத்து, மறுபடி ஒருவர் உதவியின்றி ஏற்றிக்கொள்ளச் சுமைதாங்கிக் கல் நாட்டியது யார்? இந்தச் சப்பிரகமுவையிலே சிங்களச் சகோதரர் கட்டிய பழைய அம்பலங்களிலே நம் பாட்டன்மார் படுத்து எழுந்து போயிருக்கிறார்கள். பலாபத்தலை வழியாகச் சிவனொளிபாதம் ஏறுகிறவன் இடைவழியிலே தங்குகிறான், அவனைப் பார்த்து "ஒரே மூச்சிலே ஏற முடியாதவனுக்கு ஏன் யாத்திரை?" என்று நாம் கேட்பதில்லை.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். நம் சங்க மண்டபத்துக்குப் பின்னாலே இரண்டு அறைகள் இருக்கின்றன. உடைந்த கதிரைகளும், பழைய காவடிகளும், சப்பறத்துக் கழிகளும் அங்கே இருக்கின்றன. தண்ணீர்க் குழாய் உண்டு, மலசலகூடம் உண்டு, சுவர்கள் கூரை வரை போகின்றன. அந்த இரண்டு அறைகளையும் துப்புரவாக்கி, சிகிச்சை முடித்து வருகிற ஒரு குடும்பத்துக்கு, ஒரே ஒரு குடும்பத்துக்கு, ஓராண்டுக்கு இடைவீடாகக் கொடுக்க வேண்டும். இதுதான் என் வேண்டுகோள்.

அதை எப்படி நடத்துவது என்பதிலே ஒன்றை மட்டும் நான் அழுத்திச் சொல்வேன். ஒக்ஸ்போட் ஹவுஸின் மூன்றாவது சட்டத்தை, அதாவது குடித்தவர் வெளியேற வேண்டும் என்பதை, நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அது தனியாள்கள் தங்கும் வீட்டுக்குப் பொருந்தும். குடும்பத்திலே கணவன் ஒருநாள் தவறினால் மனைவியையும் பிள்ளைகளையும் பெட்டி படுக்கையோடு தெருவிலே விடுவதா? அப்படியானால் அந்தப் பிள்ளை ஒவ்வொரு இரவும் அப்பாவின் மூச்சை முகர்ந்து பார்த்துத்தான் தூங்கும். ஆகவே அறை மனைவியின் பேரிலே இருக்கட்டும். தவறியவர் மறுபடி சிகிச்சைக்குப் போகட்டும். தாயும் பிள்ளைகளும் இருக்கட்டும். தவறிய தாயாக இருந்தால்? ஆம், அதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மழையிலே நனைந்து, முப்பது கிலோ பாரத்தோடு இறங்கி வந்து, உடம்பு வலிக்கிறது என்று ஒரு மிடறு தொடங்கியவர்கள் பெண்களிலும் இருக்கிறார்கள். ஆண் குடித்தால் ஊர் திட்டுகிறது. பெண் குடித்தால் ஊர் திட்டுவதுகூட இல்லை, அவள் பெயரையே வாயிலே எடுப்பதில்லை. அவர்களுக்கும் இந்த அறை உண்டா என்பதை மாதர் அணிச் சகோதரிகள் முடிவு செய்ய வேண்டும். நாங்கள் செய்தால் பிழைத்துவிடும்.

செலவு? மின்சாரக் கட்டணமும் முதல் இரண்டு மாத அரிசியும் சங்கம் கொடுக்கலாம். பிறகு அவர்களே கொடுக்க வேண்டும், கொடுப்பதிலேதான் மரியாதை. வேலைக்கு, நகரத்துக் கடைக்காரர் இருவர் கூப்பிட்டால் எடுக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை ஆலோசகரிடம் அழைத்துப் போக இளைஞர் நாங்கள் முறை வைத்துக்கொள்வோம். பஸ்ஸிலே கூடப் போய்வர ஓர் ஆள் இருந்தால், வழியிலே இறங்கத் தோன்றும் இடங்கள் குறையும் என்று சித்தப்பாவே சொன்னார்.

ஆட்சேபங்கள் உண்டு என்று அறிவேன். கோயிலுக்குப் பக்கத்திலே குடிகாரனா என்பார்கள். குடித்த பிறகு கோயில் வாசலிலே விழுந்து கிடப்பவரை நாம் வருடந்தோறும் தூக்கிப் போடுகிறோம், குடியாத நிலையிலே வருகிறவரை ஏன் தடுக்க வேண்டும்? இதைப் பற்றி இதற்கு மேல் நான் பேச விரும்பவில்லை. மற்றோர் ஆட்சேபம் வலுவானது. அதை எனக்கு நானே எழுப்பிக்கொண்டேன். அமெரிக்க அரசாங்கம் 12 இடங்களிலே வீடற்ற 2,282 குடும்பங்களை வைத்துப் பெரிய ஆராய்ச்சி ஒன்று நடத்தியது. சில குடும்பங்களை இடைக்கால வீடுகளுக்கு அனுப்பினார்கள். சிலருக்கு நிலையான வாடகை உதவியைக் கொடுத்தார்கள். நிலையான உதவி பெற்றவர்களே மிக நன்றாகத் தேறினார்கள். இடைக்கால வீடு, செலவுக்கு ஏற்ற பலனைப் பெரிதாகக் காட்டவில்லை. இதைப் படித்தபோது, பேச்சையே கைவிட்டுவிடலாமா என்று ஓரிரவு யோசித்தேன்.

யோசித்துப் பார்த்ததிலே தெரிந்தது இது. இடைவீடு என்பது ஒரு பாலம். அக்கரை இல்லாத பாலத்தினால் யாருக்கும் பயனில்லை. நம் மக்களுக்கு இடைக்காலம் என்ற சொல் புதிதல்ல. லயமே அப்படித்தான் வந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மண் சரிந்தபோது, பிழைத்தவர்களை இடைக்காலமாகத் தங்க வைத்தார்கள். புதுவீடு கைக்கு வரும்போது 2016 ஆகிவிட்டது. ஆகவே ஓராண்டு என்று நான் சொன்னது, அந்த ஓராண்டுக்குள் அந்தக் குடும்பத்துக்கு நிலையான ஓர் இருப்பிடத்தை நாம் தேடிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக. இந்திய உதவியிலே 10,000 வீடுகள் என்று 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டிலே பிரதமர் மோடி அறிவித்தார். காணித்துண்டு பற்றியும் ஒவ்வோர் அரசாங்கமும் வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டியல்களிலே பேர் பதிந்திருப்பவருக்கு இடமுண்டு. பேர் வெட்டுப்பட்டவருக்கு? குடியினாலே பேர் வெட்டுப்பட்டு, குடியை விட்ட பிறகும் பட்டியலுக்கு வெளியே நிற்கிறவருக்கு? அவருக்காகக் கடிதம் எழுதவும், கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் போய் நிற்கவும் தமிழும் சிங்களமும் படித்த இளைஞர் நாற்பது பேர் இந்தச் சங்கத்திலே இருக்கிறோம். விண்ணப்பம் எழுதுவதற்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நமக்கு உத்தியோகம் கேட்டு எத்தனை எழுதியிருக்கிறோம்!

கடைசியாக, நான் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று. என் சித்தப்பாவின் குடும்பத்துக்கே அந்த அறைகளைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க ஆசையில்லை என்றால் பொய். ஆனால் தேர்வை மூன்று பெரியவர்களும் மாதர் அணியிலிருந்து இருவரும் செய்யட்டும். அந்தக் குழுவிலே நான் இருக்கமாட்டேன். அவர்கள் வேறொரு குடும்பத்தைத் தெரிந்தால், அந்தக் குடும்பத்தின் சாமான்களை நான் தூக்கி வருவேன். அதற்குத் தகுதியானவர்களாக இன்னும் இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு இன்னும் அதிகம் தெரியும்.

சித்தப்பா வந்திருக்கிறாரா என்று சிலர் திரும்பிப் பார்க்கிறீர்கள். வரவில்லை. அவர் தாமாகவே மறுபடியும் சிகிச்சைக்குப் போயிருக்கிறார். இந்த முறை ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. பஸ் காசு மட்டும் என்னிடம் கேட்டார். அவர் வெளியே வருவதற்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. பின்னறைகளின் திறவுகோல் பொருளாளர் ஐயாவிடம் இருக்கிறது. அடுத்த செயற்குழுக் கூட்டம் பதினைந்து நாளிலே கூடுகிறது. ஞாயிறு காலை அந்த அறைகளைக் கூட்டிப் பெருக்க எட்டுப் பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கதிரைகளை எங்கே வைப்பது என்று ஐயா சொன்னாற் போதும்.